அம்மாவைப் பார்த்துக்கொண்ட கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 40 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். அவன் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். "சார், கூடவே இருந்து பாத்துக்க ஒரு ஆள் வேணும். ஏஜென்சியில மாசம் 25,000 கேக்குறாங்க. சாப்பாடும் தங்க இடமும் நம்ம பொறுப்பாம். இது நியாயமான ரேட்டா சார்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த நாலு பேரிடம் விசாரித்து, அந்தத் தொகை இப்போது நடப்பில் உள்ளதுதான் என்று சொன்னேன். அவன் விடவில்லை. "நீங்க பாட்டிய ஒம்பது வருஷம் பேத்துப்பாறையில வீட்டுலயே வெச்சுப் பாத்தீங்களே சார், உங்களுக்கு மாசம் எவ்ளோ ஆச்சு?" என்றான்.

மாத்திரைக்கு எவ்வளவு, டயப்பருக்கு எவ்வளவு, கொடைக்கானலுக்குக் கார் வைத்துக் கூட்டிப்போன செலவு எவ்வளவு என்று என்னால் சொல்ல முடிந்தது. பார்த்துக்கொண்டதற்கு எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. அந்த வரியில் என் கணக்கு நோட்டில் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் பார்த்துக்கொண்டது நான் இல்லை. என் அக்கா.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். யார் யாருக்குக் கப்பம் கட்டினார்கள், எந்த ராஜா எவ்வளவு நிலவரி வாங்கினான் என்று உங்களை மனப்பாடம் செய்யவைத்தவன். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு யார், எப்போது, எதைக் கொடுத்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதைத்தான் இந்த ஒரு மாதமாகத் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு சம்பளப் பட்டியல்.

காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. கோயிலைச் சேர்ந்த கல்விச் சாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததை அது சொல்கிறது. ஆதுலர் சாலை என்றால் இன்றைய ஆஸ்பத்திரி. வைத்தியருக்கு இவ்வளவு, கத்தி பிடித்து அறுவை செய்கிறவருக்கு இவ்வளவு, மூலிகை பறித்து வருகிறவர்களுக்கு இவ்வளவு என்று நெல்லும் காசும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நோயாளிகளைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கூலி எழுதியிருக்கிறது.

இதை நான் எத்தனையோ முறை வகுப்பில் சோழர் காலத்து மருத்துவப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. கோயில் வாசலுக்குள் படுத்தவரைத் திருப்பிப் போட்டால் அது வேலை, அதற்கு நெல் உண்டு. அதே பெண் வீட்டுக்குப் போய் மாமியாரைத் திருப்பிப் போட்டால் அது எந்தக் கல்வெட்டிலும் ஏறாது.

இனி நம் மலைக்கு வருவோம்.

பேத்துப்பாறைப் பக்கம் வந்தவர்கள் கல்திட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்தது. சின்ன வயதில் அதற்குள் புகுந்து ஒளிந்து விளையாடியிருக்கிறோம். பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பேர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. செத்தவர்களுக்கு அவ்வளவு பெரிய கல்லைத் தூக்கி வீடு கட்டியவர்கள், உயிரோடு இருந்த கிழவன் கிழவியை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குக் கல் எதுவும் மிச்சமில்லை. பராமரிப்பு என்பது தடயம் விடாத வேலை. கஞ்சி வைத்த சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அன்றைய வேலைக்கு அத்தாட்சி கிடையாது.

கொடைக்கானலுக்கு மோட்டார் போகிற காட் ரோடு 1914-ல்தான் முடிந்தது. மேஜர் லா என்பவர் பேரில் அதை லாஸ் காட் என்பார்கள். அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும். வெள்ளைக்காரத் துரைசானிகள் கூலிகளின் தோளில் டோலியேறி மேலே வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் நோயில் விழுந்தபோதுதான் டோலி ஏறினார்கள். பாதை இல்லாத மலைக் கிராமங்களில் டோலி கட்டித் தூக்கி வரும் செய்தி இன்றும் பேப்பரில் வருகிறதே, பார்க்கிறீர்கள். அப்படித் தூக்கிப் போக நாலு ஆள் வேண்டும், ஒரு பகல் வேண்டும். அதனால் வயதானவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே கிடந்து வீட்டிலேயே போனார்கள். "எங்க காலத்துல யாரும் முதியோர் இல்லத்துக்குப் போனதில்ல" என்று பெருமை பேசுகிறோம். போக இடமும் இல்லை, பாதையும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் வீட்டோடு பார்ப்பது சும்மா நடக்கவில்லை. அதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை நிலம்.

டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906-ல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் நம் பழனி மலையைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே வெகுகாலமாகப் பயிர் செய்துவந்த ஒரு சமூகத்தில், ஆண் வாரிசு இல்லாத வீட்டு மகளை வெளியே கட்டிக்கொடுக்க மாட்டார்களாம். வீட்டு நிலைக்காலுக்கே அவளைக் கல்யாணம் செய்துவைப்பார்கள். கழுத்தில் தாலி இல்லை, கையில் வெள்ளி வளையல். அவளுக்குப் பிறக்கும் மகன் தாத்தாவின் நிலத்துக்கு வாரிசு. வீட்டை அற்றுப்போகாமல் காப்பாற்றுவது என்ற அர்த்தத்தில் இதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

முதன்முதலில் இதைப் படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. சொத்து கைமாறக் கூடாது என்று செய்த ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த வீட்டுக்குள் வயதான அப்பாவும் அம்மாவும் இருந்திருப்பார்கள் இல்லையா? நிலைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டவள் யாருக்குக் கஞ்சி காய்ச்சியிருப்பாள்? கொடூரமான வழக்கம், ஒரு பெண்ணின் வாழ்க்கையையே அடமானம் வைத்த வழக்கம். ஆனாலும் அங்கேகூட அவள் பிள்ளைக்கு நிலம் போனது. எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து அரசாங்கம்.

காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1962 ஏப்ரல் 1 முதல் சென்னை மாகாணத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. மாதம் 20 ரூபாய். ஆதரவற்ற முதியவர்களுக்கு மட்டும். எங்கள் ஊரில் ஒரு கிழவிக்கு அது மணியார்டரில் வரும். தபால்காரர் ஏறி வரும் நாளில் காலையிலிருந்தே திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பணம் கைக்கு வந்த அன்று அண்ணன் மகன் வீட்டில் அவளுக்குத் தட்டு வைக்கும் விதமே வேறாக இருக்கும் என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பாள். 20 ரூபாய் அவளுக்குச் சோறு போட்டதோ இல்லையோ, மரியாதை வாங்கிக்கொடுத்தது.

மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல் தேசிய முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தது, மாதம் 75 ரூபாய். தமிழ்நாட்டில் உதவித்தொகை 2011-ல் 1,000 ரூபாயாகவும் 2023-ல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. மத்திய திட்டத்தின் கீழ் வருகிற 60 முதல் 79 வயதுக்காரர்களுக்கு மத்திய அரசின் பங்கு பல வருடங்களாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. 1,200 ரூபாய் என்றால், என் மாணவனிடம் ஏஜென்சி கேட்ட தொகையில் ஒன்றரை நாள் செலவு.

பணம் ஒரு வழி என்றால் சட்டம் இன்னொரு வழி. வெள்ளைக்காரன் 1898-ல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டும் ஜீவனாம்சம் கேட்க இடம் இருந்தது, பெற்றோருக்கு இல்லை. 1973-ல் எழுதிய புதிய சட்டத்தின் 125-ம் பிரிவில்தான் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தார்கள். அதற்கும் 500 ரூபாய் என்று உச்சவரம்பு, 2001 வரை. மகன் மட்டுமா, கல்யாணமான மகளும் கொடுக்க வேண்டுமா என்று ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. மகளும் கொடுக்க வேண்டும் என்று 1987-ல் தீர்ப்பு வந்தது. இந்துக்களைப் பொறுத்தவரை 1956-ன் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமே மகன், மகள் இருவருக்கும் அந்தக் கடமையை வைத்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கடமை மகளுக்கு 1956-லேயே வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு? தமிழ்நாட்டில் 1989-ல்தான் சட்டம் திருத்தினார்கள், அதுவும் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆகிப் போனவர்களுக்குக் கிடையாது. எல்லா மகள்களுக்கும் வந்தது 2005-ல். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முடிந்துபோன பதிவுப் பாகப்பிரிவினைகளைத் தொடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை 1991. அக்காவுக்குக் கல்யாணம் 1974. இரண்டு கதவும் அவளுக்கு மூடிவிட்டன.

அந்தப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பீன்ஸும் பூண்டும் போடும் காடு, பட்டர் ஃப்ரூட் மரங்கள், தகரக் கூரை வீடு எல்லாம் எனக்கும் தம்பிக்கும். அப்பா தன் பங்கையும் எங்கள் பேருக்கே எழுதிவிட்டார். கடைசிப் பக்கத்தில் பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் ஒரு ஷரத்து: தாய் தகப்பனாரை அவர்கள் ஜீவிய காலம் வரை மகன்கள் இருவரும் அன்ன வஸ்திரம் கொடுத்து ரட்சித்துவர வேண்டியது. கீழே என் கையெழுத்து, தம்பி கையெழுத்து. வரலாறு எம்.ஏ. படித்தவனின் கையெழுத்து, எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன் பாருங்கள் என்று என்னையே கேலி செய்யத் தோன்றியது. நிலம் வாங்கிக்கொண்டு கடமைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர். கையெழுத்தும் போடாமல், நிலமும் வாங்காமல் கடமையைச் செய்தவள் அக்கா.

2013 தை மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது அவளுக்கு 82 வயது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் வத்தலக்குண்டில் இருந்தேன், ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருடம் இருந்தது. தம்பி கோயம்புத்தூரில். கீழே கூட்டிப்போகிறோம் என்றால் அம்மா ஒரே பிடியாக, "என்னைய இந்த வாசல விட்டு எடுக்காதீங்கடா" என்றாள். பண்ணைக்காட்டில் இருந்த அக்கா ஒரு துணிப்பையோடு வந்தாள். மாமா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. "ரெண்டு மாசம் பாத்துக்கிறேன்டா, அதுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணுங்க" என்றாள். அந்த ஏற்பாட்டை நாங்கள் பண்ணவே இல்லை. 2022 தையில் அம்மா போகும்வரை அக்காதான். அவளுக்கே வந்தபோது 61 வயது.

விடியற்காலை 5 மணிக்கு விறகடுப்பில் வெந்நீர். துடைத்துவிட்டு, துணி மாற்றி, கஞ்சி புகட்ட ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். மார்கழிக் குளிரில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் துணி அலசல். ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பது. ஒன்பது வருடத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு தடவைதான் புண் வந்தது. அந்த ஒரு தடவை எப்போது தெரியுமா? அக்கா பக்கத்தில் இல்லாதபோது.

2015-ல் அக்காவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அப்போது கீழே ஒரு ஏஜென்சியில் முன்பணம் கட்டி ஒரு பெண்ணை அழைத்து வந்தேன். 20 வயதுகூட இருக்காது. இரண்டு வாரம் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னாள். படுத்தவரைப் புரட்டிப் போடத் தெரியவில்லை, அதனால்தான் அந்தப் புண். பத்தாம் நாள் ராத்திரி யானை வந்து வீட்டுக்குப் பின்னாலிருந்த வாழையை முறித்தது. பேத்துப்பாறைக்காரர்களுக்கு யானை புதிதில்லை, அந்தப் பிள்ளைக்குப் புதிது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். முன்பணம் திரும்ப வரவில்லை. அன்றைக்கு அவள்மீதும் ஏஜென்சிமீதும் எனக்கு அவ்வளவு கோபம். பிறகு தெரிந்தது, நான் கட்டிய பணத்தில் பாதிகூட அவள் கைக்குப் போகவில்லை என்று. ஆபரேஷன் தையல் பிரித்த நாலாம் நாளே அக்கா அம்மாவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். "ஏன்டா காச தண்டமாக்குற, நான் இருக்கேன்ல" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

மாணவன் கேட்ட கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2018-ல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலை செய்வோருக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. கடைசிப் படிக்கு மணிக்கு 37 ரூபாய். அந்தக் கடைசிப் படியையே அக்காவுக்கு வைத்தேன். ராத்திரி விழிப்பை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு 10 மணி நேரம் என்று வைத்தேன். 9 வருடம், 3,285 நாள், 32,850 மணி நேரம். 12,15,450 ரூபாய். நானும் தம்பியும் அவள் கையில் கொடுத்தது தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்குப் புடவை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, நம் நாட்டுக் கதை மட்டும்கூட இல்லை. பிரிட்டனில் 1976-ல் ஓர் உதவித்தொகை கொண்டுவந்தார்கள். உடல் முடியாதவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் இருப்பவர்களுக்கு வாராவாரம் பணம். கணவனோடு வாழும் பெண்ணுக்கு மட்டும் கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற நினைப்பு. ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தன் அம்மாவைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு, எனக்கு ஏன் இல்லை என்று வழக்குப் போட்டார். 1986-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள்" என்பதை நாங்கள் தமிழில் நினைத்தோம், அவர்கள் இங்கிலீஷில் நினைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மனி 1995-ல் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தது. வெளியாள் வேண்டாம், என் மகள் பார்ப்பாள் என்றால், அந்தப் பணத்தை ரொக்கமாக வாங்கி மகளிடம் கொடுக்கலாம். ஜப்பானில் 2000 ஏப்ரலில் வந்தது, 40 வயது ஆனாலே எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ‘ஆஸ்வாச கிரணம்’ என்ற திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர் கையில் மாதம் 600 ரூபாய் கொடுக்கிறார்கள். தொகை சின்னது. ஆனால் அது யார் பேரில் வருகிறது என்று பாருங்கள். நோயாளி பேரில் இல்லை, பார்த்துக்கொள்கிறவர் பேரில் வருகிறது.

நம் மாநிலத்திலும் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். முதியோர் மருத்துவத்துக்கென்று 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். அது பெரிய விஷயம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுத்திருப்பவர்களுக்கு நோய்த்தணிப்பு நர்சும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. அம்மாவின் கடைசி மாதங்களில் அப்படி ஒரு நர்ஸ் வந்தார். தலையணையை எங்கே வைத்தால் குதிகாலில் அழுத்தம் வராது என்று அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தார். போகும்போது, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா? உங்களுக்கு பிரஷர் பாத்தீங்களா?" என்று கேட்டு அக்காவுக்கும் பார்த்தார். 170 இருந்தது. எட்டு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அந்த நர்ஸ்தான்.

சரி, உங்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

1. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவுக்குத்தான். 2024 அக்டோபர் முதல் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அதுவும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கே. வீட்டில் ஆள் வைக்கும் சம்பளம் அதில் வராது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

2. வீட்டில் யாராவது படுத்துவிட்டால் முதல் வேலையாக உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியுங்கள். மாத்திரை, நர்ஸ், இயன்முறை மூன்றுக்கும் அதுதான் வாசல். முதியோர் உதவி எண் 14567.

3. ஏஜென்சியில் ஆள் எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வருகிறவர் கைக்கு எவ்வளவு போகும்? படுத்தவரைப் புரட்டவும் புகட்டவும் தெரியுமா? அவருக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா, அன்று யார் வருவார்? வரும் பிள்ளைக்குக் கம்பளியும் தனி இடமும் கொடுங்கள்.

4. பிள்ளைகள் கைவிட்டால் 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

5. பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிவைக்கும் பெரியவர்கள், "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பார்க்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய அதே சட்டத்தின் 23-ம் பிரிவு உதவும். வாய்வார்த்தையாக விட்டால் கஷ்டம்.

6. கூடப்பிறந்தவர்களில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் மற்றவர்கள் முதல் மாதத்திலிருந்தே அவர் கணக்கில் பணம் போடுங்கள். மருந்துச் செலவு தனி. இது அவருக்கு, அவர் வேலைக்கு. வருடத்தில் ஒரு மாதமாவது நீங்கள் போய் உட்கார்ந்து அவரை வெளியே அனுப்புங்கள். நாங்கள் செய்யாதது இது.

போன வாரம் பேத்துப்பாறை போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது 73. இரண்டு முட்டியும் போய்விட்டது, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். அதே திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் கணக்கு நோட்டை விரித்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 12,15,450 என்றதும் உரிப்பதை நிறுத்தினாள்.

"ராத்திரி முழிச்சத சேத்தியா?"

"சேக்கலக்கா."

"சேத்துக்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள்.

என் பங்குக் காட்டில் பாதியையும் வீட்டில் என் பாதியையும் அவள் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதப்போகிறேன் என்றேன். மாதாமாதம் என் பென்ஷனிலிருந்து ஒரு தொகை அவள் கணக்குக்குப் போகும், அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவும் என்னுடையது என்றேன். வேண்டாம் என்று சொல்வாள், நான் வற்புறுத்துவேன் என்று மனதுக்குள் ஒரு நாடகமே வைத்திருந்தேன்.

"காட்ட வெச்சு இந்த வயசுல நான் என்னடா பண்ணப் போறேன், ஆனைதான் திங்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுறதா இருந்தா எழுது. வேணாம்னு நான் என்னைக்குச் சொன்னேன்? யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றாள்.

தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். இதை எழுதப்போவதை அவனிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவனுக்கும் பிள்ளைகள், கடன்கள் எல்லாம் இருக்கின்றன. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்பது வருடம் நானும் யோசித்துக்கொண்டேதான் இருந்தேன்.

பெங்களூர் மாணவனுக்கு நேற்றுப் போன் செய்து சொன்னேன்: "25,000 நியாயமான ரேட்தான்ப்பா. அந்தப் பொண்ணு கைக்கு எவ்வளவு போகுதுன்னு மட்டும் கேட்டுக்க. ஊர்ல உன் தங்கச்சி தினமும் போய்ப் பாத்துட்டு வருதுல்ல, அதுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிங்க சார்" என்றான்.

பத்திரப் பதிவுக்கு அடுத்த வாரம் நாள் வாங்கியிருக்கிறேன். அக்காவைக் காரில் வைத்துப் பதிவு அலுவலகம் வரை கூட்டிப்போக வேண்டும். முட்டி வலியோடு படியேறுவது சிரமம். கொடைக்கானல் பக்கம் இருக்கும் மாணவர்கள் யாராவது அன்றைக்கு ஓய்வாக இருந்தால் சொல்லுங்கள், கைகொடுக்க இரண்டு பேர் இருந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்